பிரேக்கர் ஏன் விழுகிறது?

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்வோர், மலைப்பாதை ஏறுமுன் கடைசியாகக் காணும் ஊர் லோயர் கேம்ப். மலைச் சரிவில் பருத்த இரும்புக் குழாய்கள் இறங்கி வருவதையும், அவற்றின் அடியில் பெரியாறு மின் நிலையம் அமைந்திருப்பதையும் அவர்கள் வழியிலேயே கண்டிருப்பார்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணியை ஜான் பென்னிகுவிக் என்ற பொறியியல் அறிஞரின் தலைமையில் 1895-ஆம் ஆண்டில் முடித்தார்கள். அன்று அந்த நீர் வயலுக்கென்றே வந்தது. அறுபது ஆண்டுகளுக்குமேல் சென்றபின், அதே நீர் மலையிலிருந்து விழும் வேகத்தைக் கொண்டு மின்சாரமும் எடுக்கலாயினர். 1958 முதல் 1965 வரையில், ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் இங்கே இயங்கத் தொடங்கின. பிற்காலத்தில் அவற்றின் திறன் மேலும் உயர்த்தப்பட்டது.

தொடக்கத்தில் இருந்த 140 மெகாவாட்டையே கணக்கில் கொள்வோம். ஒன்றரை டன் அளவுள்ள குளிர்சாதனம், அதாவது நாம் ஏ.சி. என்று வழங்கும் பெட்டி, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட் மின்சாரம் கொள்ளும். எனவே அந்த நான்கு இயந்திரங்களும் முழு வீச்சில் ஓடினால் ஏறத்தாழ 90,000 குளிர்சாதனங்களை ஒருங்கே இயக்கலாம். இவ்வளவு பெரிய ஆற்றலை நம் வீட்டு வாசலில் நிறுத்தி, 'உனக்கு இவ்வளவுதான் வழி' என்று அளந்து விடுகின்ற ஒரு சிறிய கருவி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கருவிக்குப் பிரேக்கர் என்று பெயர். மின் நிலையத்தைப் பற்றி அன்று, அந்தச் சிறு காவலாளியைப் பற்றியே நான் இங்குப் பேச எண்ணுகிறேன்.

குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பிரேக்கர் திடீரென்று 'டக்' என்ற ஒலியோடு விழுந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மீண்டும் தூக்கி வைத்தால் சிறிது நேரம் நிற்கும். பிறகு மறுபடியும் விழும். வீடுகளில் நிகழ்வதைவிடச் சக்கரங்களின்மேல் அமைந்த வீடுகளில் இது மிகுதியாக நிகழ்கிறது. திரைப்படப் பிடிப்புக்காகத் தேனிப் பக்கம் வருகின்ற கேரவன் வண்டிகளை நம் மாவட்டத்து மாணவர்கள் அறிவார்கள். மலைக்கு அப்பால், 2021-ஆம் ஆண்டில், கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. படுக்கை, சமையல் மேடை, குளியலறை, குளிர்சாதனம் ஆகிய அனைத்தும் ஒரு பேருந்தின் உடலுக்குள் அமைந்தவை இவ்வண்டிகள். ஓடும்போது சொந்த ஜெனரேட்டரிலிருந்தும், நின்ற இடத்தில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து நீண்ட வயர் இழுத்தும் இவை மின்சாரம் பெறுகின்றன. பிரேக்கரை விழச் செய்யும் காரணங்கள் யாவும் இவ்வண்டியில் ஒருங்கே கூடியிருப்பதால், இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம். இதில் காண்பவை வீட்டுக்கும் பொருந்தும். திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் இந்தக் கருவி யாரைக் காக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்சாதனத்தைக் காப்பதற்கே பிரேக்கர் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று. சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்ற கம்பியையே அது காக்கிறது.

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதை 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கில அறிஞர் கண்டு வெளியிட்டார். இருமடி என்ற அந்தச் சொல்லில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. கம்பியைப் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை ஓரளவு வெப்பத்தைத்தான் தாங்கும். அதற்கு மேற்பட்டால் இளகும், கருகும், முடிவில் தீப்பற்றும். ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் அதன் பருமனுக்கேற்ற எல்லையொன்று உண்டு. 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பிக்கு 16 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர் வைப்பது வழக்கம். கம்பியின் எல்லையைப் பார்த்தே பிரேக்கரின் எண் அமைகிறது என்பதை நினைவில் வையுங்கள். நம் பேச்சு முடியும்வரை இது வேண்டியிருக்கும்.

பழைய நாளில் இந்தக் காவலைப் பியூஸ் செய்து வந்தது. பீங்கான் கட்டையில் ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி வைப்பார்கள். மின்னோட்டம் மிகுந்தால் அந்த மெல்லிய கம்பி உருகித் தன்னை மாய்த்துக்கொண்டு, சுவருக்குள் இருக்கும் பெரிய கம்பியைக் காக்கும். ஆனால், அடிக்கடி உருகுகிறதே என்று சலித்துக்கொண்டு இரண்டு மூன்று இழைகளை முறுக்கிக் கட்டிவிடும் பழக்கமும் ஊருக்கு ஊர் இருந்தது. அங்ஙனம் கட்டியபின் பியூஸ் உருகாது. சுவருக்குள் இருக்கும் கம்பி உருகும்.

தன்னை மாய்த்துக்கொள்ளாமல் விழுந்து, மீண்டும் எழக்கூடிய காவலாளி வேண்டும் என்ற எண்ணம் எடிசனுக்கே 1879-இல் தோன்றியிருந்தது. இன்று வீடுதோறும் காணப்படும் சிறு பிரேக்கருக்கு வழிகாட்டியவர் ஜெர்மனியிலுள்ள மான்ஹைம் நகரத்து ஹ்யூகோ ஸ்டாட்ஸ் என்பவர். அவருடைய காப்புரிமை 1924-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொறுமை, விரைவு என்னும் இரண்டு மாறுபட்ட குணங்களை ஒரே பெட்டிக்குள் அவர் அமைத்துக்காட்டினார்.

பொறுமைக்கு உரிய உறுப்பு ஓர் ஈருலோகத் தகடு. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த தகடு அது. மின்னோட்டம் அதன் வழியே செல்லும்போது அது சூடேறுகிறது. ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீள்வதால், தகடு மெல்ல வளைகிறது. போதிய அளவு வளைந்ததும் ஒரு கொக்கியைத் தள்ளிவிடுகிறது, பிரேக்கர் விழுகிறது. இதற்கு நேரம் வேண்டும். 16 ஆம்பியர் என்று எழுதிய பிரேக்கர் 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் வரையில் விழாமல் நிற்கவேண்டும். 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தேயாக வேண்டும். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அளவுகோல் இது. இந்தக் கணக்கும் சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கேயாகும்.

விரைவுக்கு உரிய உறுப்பு ஒரு செம்புச் சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்தால், அந்தக் காந்தம் ஓர் இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுத்துக் கண் இமைக்குமுன் பிரேக்கரை விழச் செய்கிறது. எத்தனை மடங்கில் விழவேண்டும் என்பதை வைத்துப் பிரேக்கர்களைப் பி, சி, டி என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். பி வகை 3 முதல் 5 மடங்குக்குள் விழும். சி வகை 5 முதல் 10 மடங்குக்குள் விழும். டி வகை 10 முதல் 20 மடங்குக்குள் விழும். எண்ணுக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் அந்த ஓர் எழுத்தை நம்மில் பலர் கவனிப்பதேயில்லை.

இனிக் குளிர்சாதனத்தின் பக்கம் வருவோம். அதன் உயிர்நிலை கம்ப்ரஸர் என்னும் அழுத்தி. உள்ளறையின் வெப்பத்தை ஏந்திவந்த வாயுவை அது அழுத்திச் சூடாக்கி, வெளிப்புறச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே விசிறிக் காற்றுப்பட்டு வெப்பம் வெளியேறுகிறது. ஓடிக்கொண்டிருக்கையில் ஒன்றரை டன் குளிர்சாதனம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் கொள்ளும். ஆனால் நின்றிருக்கும் கம்ப்ரஸர் புறப்படும் அந்தக் கணத்தில் 35 அல்லது 40 ஆம்பியர் வரையிலும் இழுக்கும்.

இஃது ஏன்? பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். நின்ற வண்டியை நகர்த்தும்போது மாடுகள் தோளைச் சாய்த்து முழுப் பலத்தையும் கொடுக்கின்றன. வண்டி உருளத் தொடங்கியபின் எளிதாக நடக்கின்றன. மின் மோட்டாரின் நிலையும் இதைப் போன்றதே. ஆயினும் இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை அது எதிர்த்து நின்று மட்டுப்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அந்த எதிர்ப்பு இல்லை. திறந்துவிட்ட மடையில் நீர் பாய்வதுபோல் மின்னோட்டம் பாய்ந்துவிடுகிறது. மோட்டார் வேகம் பிடிப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் தகடு சூடேற நேரமில்லை. சுருள் மட்டும் விழிப்போடு இருக்க வேண்டும்.

பிரேக்கர் விழுவதன் காரணத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி ஸ்க்ரூ டிரைவர் அன்று, கடிகாரம். எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிரேக்கருக்குப் பேசத் தெரியாது; அது விழும் நேரமே அதன் மொழி. அந்த மொழியில் நான்கு சொற்களே உள்ளன.

முதற்சொல்: ஸ்விட்ச் போட்ட அந்தக் கணமே விழுதல். விசிறி அசைவதற்குள்ளேயே, ஒரு பொறியும் அதிர்வுமாக விழுந்தால், இரண்டு கம்பிகள் எங்கோ நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எலி கடித்த வயராக இருக்கலாம்; வண்டியின் இரும்பு விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்த வயராக இருக்கலாம்; கம்ப்ரஸரின் உட்சுருளே கருகிப்போயிருக்கலாம். இந்நிலையில் பிரேக்கரை மீண்டும் மீண்டும் தூக்கி வைப்பது, தூக்கும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்தப் புண்பட்ட இடத்தில் பாய்ச்சுவதாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழுதுபார்ப்பவரை அழைப்பதே செய்யத்தக்கது.

இரண்டாவது சொல்: விசிறி நன்றாக ஓடிக்கொண்டிருக்க, கம்ப்ரஸர் புறப்படும் நேரத்தில் விழுதல். இதற்குக் காரணங்கள் பல. குளிர்சாதனத்தை நிறுத்திய உடனே மறுபடி போடுவது ஒன்று. அப்போது உள்ளே வாயுவின் அழுத்தம் இருபுறமும் சமநிலைக்கு வந்திராது. கம்ப்ரஸர் மலைமேல் நிற்கும் வண்டியை இழுக்க நேரிடுகிறது. மூன்று நிமிடமாவது பொறுத்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. மோட்டார் புறப்படத் துணைசெய்யும் மின்தேக்கி, அதாவது கடைகளில் கண்டன்சர் என்று கேட்டு வாங்கும் சிறு உருளை, வலுவிழந்திருத்தல் இன்னொன்று. கம்ப்ரஸர் 'உம்' என்று முனகும், சுழலாது. சிறிது நேரத்தில் பிரேக்கர் விழும். பி வகைப் பிரேக்கர் பொருத்தியிருத்தல் மூன்றாவது. 10 ஆம்பியர் பி வகை 30 ஆம்பியரிலேயே விழக்கூடும். அதே 10 ஆம்பியர் சி வகை 50 ஆம்பியர் வரை உடனே விழாது. இரண்டும் கம்பியை மெல்லச் சூடாக்கும் மின்னோட்டத்துக்கு எதிராக ஒரே அளவு காவல் தருவன. எழுத்தை மாற்றுவது வேறு, எண்ணை ஏற்றுவது வேறு என்பதை இங்கே காண்கிறோம்.

கேரவன் வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் காரணம் நான்காவது. அது நீண்ட, மெல்லிய வயர். பக்கத்து வீட்டுப் பிளக்கிலிருந்து 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பதாகக் கொள்வோம். போகவும் வரவும் 60 மீட்டர் செம்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியானால் இதன் தடை ஏறக்குறைய ஒன்றரை ஓம். 7 ஆம்பியர் ஓடும்போது பத்து வோல்ட் அளவே இதில் இழப்பு. ஆனால் கம்ப்ரஸர் புறப்படும்போது 40 ஆம்பியர் கேட்டால், ஒன்றரை ஓமில் 60 வோல்ட் போய்விடுகிறது. 230 வோல்ட்டாகப் புறப்பட்ட மின்னழுத்தம் 170 ஆக வண்டிக்குள் வந்து சேர்கிறது. அந்த மின்னழுத்தத்தில் மோட்டாருக்குச் சுழலும் வலிமை போதாது. சுழலாத மோட்டார் பெரிய மின்னோட்டத்தைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே நிற்கிறது. ஒரு நொடியில் தீரவேண்டிய பளு பல நொடி நீடிக்கிறது, பிரேக்கர் விழுகிறது. சிறிய ஜெனரேட்டரிலும் இதே கதைதான். மூன்று கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றரைக் கிலோவாட் குளிர்சாதனத்தைத் தாராளமாகத் தாங்கும் என்று கணக்குச் சொல்லும். புறப்படும் கணத்தில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. வயல் மோட்டாரை 'வோல்ட்டேஜ் இல்லை' என்று போடாமல் காத்திருக்கும் உழவர், இந்த உண்மையைப் பாடநூலின் துணையின்றியே அறிந்தவர்.

இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனங்கள் மோட்டாரை மெல்ல மெல்ல வேகப்படுத்துவதால், புறப்படும்போது இவ்வாறு வெள்ளம்போல் மின்சாரத்தை இழுப்பதில்லை. சிறு ஜெனரேட்டர் உள்ள இடத்துக்கு இவை ஏற்றவை.

மூன்றாவது சொல்: இருபது நிமிடமோ, அரைமணியோ நன்றாக ஓடிவிட்டு விழுதல். இது தகட்டின் வேலை. ஏதோ ஒன்று மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். வெளிப்புறச் சுருளில் மண்ணும் தூசியும் அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. வாயுவின் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் வழக்கத்துக்கு மேல் உழைத்து, மின்னோட்டம் உயரும். ஒரே பிரேக்கரின்கீழ் குளிர்சாதனத்தோடு தண்ணீர் காய்ச்சும் கீசரும், மின் அடுப்பும் சேர்ந்திருந்தால் மொத்தப் பளு எல்லையைத் தாண்டும். பிரேக்கர் இருக்கும் பெட்டியே வெயிலிலோ, ஜெனரேட்டரின் அருகிலோ அமைந்திருந்தால், 30 டிகிரிக்கென்று அளந்த தகடு, உரிய எண்ணை எட்டுமுன்பே வளைந்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு; அது திருகு தளர்ந்த இணைப்பு.

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். மலை ஏறுவதற்காக லோயர் கேம்ப்பில் இரவு தங்கிய ஒரு கேரவன் வண்டியில், குளிர்சாதனத்தின் பிரேக்கர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்தது. மின்னியல் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்று தெரிந்து என்னை அழைத்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள், 16 ஆம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுவது என்று முடிவாகி, கூடலூரிலிருந்து புதியதை வாங்கியும் வந்திருந்தார்கள். "சார், இதைப் போட்டுட்டா அப்புறம் விழவே விழாது" என்றார் வண்டியின் ஓட்டுநர். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. விழாது.

கம்பியை அறுக்காமலே மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தோம். ஏழரை ஆம்பியர் காட்டியது. 16 ஆம்பியர் பிரேக்கர் ஏழரை ஆம்பியரில் விழுவதற்கு நியாயமே இல்லை. ஆகவே மின்னோட்டம் அன்று, வேறு எங்கிருந்தோ வரும் வெப்பமே தகட்டை வளைக்கிறது என்பது தெளிவாயிற்று. மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, நிறுத்தியதை டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு மூடியைத் திறந்தபோது, பிரேக்கரின் அடித் திருகில் மாட்டியிருந்த கம்பியின் உறை, ஒரு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. திருகைத் தொட்டால் ஆடிற்று. சாலைகளில் ஓயாமல் குலுங்கிய வண்டி அது; வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும் திருகு அங்கே சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழரையை ஏழரையால் பெருக்கி, அரையால் பெருக்கினால் 28 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். ஆக, ஒட்டுப்பலகைச் சுவருக்குள், மெத்தைக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு சால்டரிங் அயன் இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்ததற்குச் சமம். அந்த வெப்பத்தை உணர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக்கர் விழுந்து, அதை அணைத்துக்கொண்டிருந்தது. 32 ஆம்பியர் பிரேக்கரின் தகடு அந்த வெப்பத்துக்கு அசைந்திராது. இணைப்பு மட்டும் முன்போலவே காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே உறங்குபவர்கள் குளிர்ச்சியாக உறங்கிக்கொண்டிருப்பார்கள். கருகிய நுனியை வெட்டி, புதிதாகத் தோல் சீவி, சூடுபட்ட பிரேக்கரை அதே 16 ஆம்பியரில் புதிதாக மாற்றி, திருகை அழுத்தமாக முடுக்கினோம். அன்றிரவு பிரேக்கர் விழவில்லை. புதிய 32 ஆம்பியர் பிரேக்கர் உறை பிரிக்காமல் கடைக்கே திரும்பியது.

பெரிய எண்ணுள்ள பிரேக்கரை மாட்டுவதன் தீங்கை, கணக்காகவும் பார்த்துவிடலாம். 32 ஆம்பியர் பிரேக்கர் 46 ஆம்பியரில் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள உரிமை பெற்றது. 16 ஆம்பியரின் காவலில் 23 ஆம்பியருக்குமேல் நீடித்து அனுபவித்திராத கம்பி, இப்போது 46 ஆம்பியரைச் சுமக்க நேரிடும். மின்னோட்டம் இருமடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. காவலாளி அடிக்கடி எழுப்புகிறான் என்று, காது மந்தமான வேறொருவனை வாசலில் அமர்த்துவது போன்றதே இது.

நான்காவது சொல்: மழை பெய்தால் விழுதல், அல்லது காலையில் பனி ஈரத்தில் மட்டும் விழுதல். இங்கே விழுவது பெரும்பாலும் வேறொரு கருவி. பார்வைக்குப் பிரேக்கரைப் போலவே இருக்கும். முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். போகின்ற மின்னோட்டமும் திரும்பி வருகின்ற மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு குறைந்தாலும், அந்தப் பங்கு வேறு வழியாக நிலத்துக்குக் கசிகிறது என்று கண்டு விழுந்துவிடுகிறது. அந்த வேறு வழி ஈரமான இணைப்பாக இருக்கலாம். ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். கேரவன் வண்டியின் உடல் முழுவதும் உலோகம்; அது நிற்பதோ ரப்பர்ச் சக்கரங்களின்மேல். எர்த் இணைப்புச் சரியில்லாமல் கசிவு ஏற்பட்டால், வண்டி முழுவதும் மின்னேறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவுப்பிடியைத் தொடுகிறவரே அறிவார். இந்தக் கருவி தொல்லை தருகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்பவர் உண்டு. அவர் செய்வது யாதென்று அவர் அறியமாட்டார்.

விழுதல் என்பதைத் தோல்வியாகவே நாம் காண்கிறோம். பெரிய அளவிலும் அவ்வாறே கண்டோம். 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா இருளில் மூழ்கியதை நீங்கள் படித்திருக்கலாம். அளவுக்கு மேல் பளு ஏறியிருந்த பீனா–குவாலியர் மின்தடத்தில் காவற்கருவி செயல்பட்டு, அத்தடம் விலகிக்கொண்டது. அதன் பளு அடுத்த தடங்களில் ஏறிற்று. அவையும் வரிசையாக விலகின. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. தென்னகம் அப்போது வட இந்தியத் தொகுப்போடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ஏற்பட்டது. ஆகவே இங்கே விளக்குகள் எரிந்தன.

அந்த இரு நாட்களிலும் விழுந்த தடங்கள் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் மீண்டும் எழுந்துவிட்டன. இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். காவற்கருவிகள் விழ மறுத்திருந்தால், கம்பிகளும் மின்மாற்றிகளும் இயந்திரங்களும் எரிந்திருக்கும். அவற்றைப் புதிதாகச் செய்து நிறுத்த மாதங்கள் ஆகியிருக்கும். பளுவை அளவுக்கு மேல் ஏற்றியதே குற்றம்; விழுந்தது குற்றம் அன்று. இத்தகைய பேரிருளுக்குப்பின் முதலில் எழுப்பத்தக்கவை நீர்மின் நிலையங்களே என்பதும் அறியத்தக்கது. வெளியிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் வேண்டாமல், மதகைத் திறந்து நீரின் வேகத்தால் சுழலத் தொடங்கி, அனல் மின் நிலையங்களை எழுப்பவும் அவை உதவ வல்லவை. லோயர் கேம்ப்பில் சுழல்வனவும் அந்த இனத்தைச் சேர்ந்த இயந்திரங்களே.

மாணவர்களாகிய உங்களுக்கு இறுதியாகச் சில சொல்ல விரும்புகிறேன். வீட்டில் பிரேக்கர் விழுந்தால், ஒருமுறை, ஒரே ஒருமுறை தூக்கி வைத்துப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் அத்தோடு நிறுத்துங்கள். ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: ஸ்விட்ச் போட்டு எவ்வளவு நேரத்தில் விழுந்தது, அப்போது வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன, மழையோ ஈரமோ இருந்ததா, கருகல் வாடை அடித்ததா. விசிறி வலையில் படிந்த தூசியை, பிளக்கைப் பிடுங்கியபின் நீங்களே துடைக்கலாம். பிரேக்கர்ப் பெட்டியின் மூடியைத் திறப்பதும், மின்தேக்கியைத் தொடுவதும் உங்கள் வேலை அல்ல. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கி தன்னுள் மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருக்கும். தொட்டவரை அது உதறிவிடும். அந்தத் தாளை, உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்ததும் அவர் கையில் கொடுங்கள். பாதி வேலையை நீங்கள் முடித்துவிட்டதாக அவரே சொல்வார்.

அவர் வந்து, பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில், "பெரிசா ஒண்ணு மாட்டிடலாம் தம்பி" என்று சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, உள்ளே ஓடுற கம்பி அதைத் தாங்குமா?" தாங்குமானால் அவர் கம்பியின் பருமனைக் காட்டி விளக்குவார். தாங்காதானால், அவர் திருகுகளைச் சோதிக்கத் தொடங்குவார்.